கிரேக்கம் கற்க ஒரு தெருவழி: தெசலோனிக்கியில் நான் செய்து பார்த்தது

38 வயதில் கிரேக்கம் படிக்க ஆரம்பித்தேன். வேலைக்காகக் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகருக்கு வந்தோம். இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்று நினைத்தது ஆறாகிவிட்டது. முதல் நான்கு மாதம் மாலை வகுப்புக்குப் போனேன். வினைச்சொல் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன், ஆனால் காலையில் ரொட்டிக் கடையில் போய் நின்றால் ஒரு வார்த்தை வராது. கடைக்காரப் பெண் மூன்று நொடி பொறுத்துப் பார்ப்பாள், அப்புறம் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். உதவி செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் செய்கிறாள், ஆனால் இந்த ஊரில் பெரியவரானபின் மொழி கற்பவருக்கு இலக்கணத்தைவிடப் பெரிய இடைஞ்சல் இதுதான்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சின்ன நோட்டு. பக்கத்துக்கு ஓர் இடம்: ரொட்டிக் கடை, சந்தை, பஸ், மருந்துக்கடை, எங்கள் கட்டடத்து மாடிப்படி. அந்த இடத்தில் ஒருவர் என்ன சொல்கிறார், எதிராள் என்ன பதில் சொல்கிறார், அவ்வளவுதான் எழுதுவேன். அர்த்தம் பிரித்துப் பார்ப்பதெல்லாம் பிறகு. கிரேக்கர்களின் அன்றாடப் பேச்சு, கல்யாண வீட்டில் "சாப்பிட்டீங்களா" என்பதைப் போல, இந்தச் சமயத்துக்கு இந்த வாக்கியம், அதற்கு இந்தப் பதில் என்று ஓடுகிறது. அந்த ஜோடிகளைப் பிடித்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும்.

கிரேக்கச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். சொல்லின் நடுவே வல்லினம் இரட்டித்திருந்தால் அழுத்தமாகச் சொல்லுங்கள், ஒற்றையாக இருந்தால் நம் பேச்சில் வருவது போலவே மென்மையாக.

எழுத்துக்கு ஒரு வாரம்

மொத்தம் 24 எழுத்து. 247 எழுத்தைத் தாண்டி வந்த நமக்கு இது ஒன்றுமே இல்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், தெருவில் இறங்கிப் பலகைகளைப் படியுங்கள். பஸ் நெற்றியில் ஓடும் ஊர்ப் பெயர்கள், பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை, வாடகைக்கு விடும் வீட்டு வாசலில் ஒட்டியிருக்கும் "எனிக்கியாஸெத்தெ" காகிதம், எல்லாம் பாடம்தான். 'இ' என்ற ஒரே ஒலியை ஆறு விதமாக எழுதுவார்கள். வாசிக்கும்போது எல்லாமே 'இ' என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுதும்போது பிழை வரட்டும். நமது அரைப்புள்ளி இங்கே கேள்விக்குறி. இது தெரியாமல் ஒரு மாதம் எல்லாக் கேள்வியையும் நான் செய்தியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள சொல்லில் அழுத்தம் எங்கே என்று காட்ட மேலே ஒரு கோடு இருக்கும். பழைய காலத்தில் இப்படிப் பல குறிகள் இருந்தன, 1982-ல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தார்கள். நமக்கு அதிர்ஷ்டம்.

பலகையில் ஒரு சொல், வாயில் ஒரு சொல் என்பது இங்கேயும் உண்டு. ரொட்டிக் கடைப் பலகையில் "அர்த்தொப்பியீயொ" என்று எழுதியிருக்கும், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் அது "ஃபூர்னொஸ்"தான். கறிக்கடைப் பலகையில் "க்ரெயொப்பொலீயொ", வாயில் "ஹஸாப்பிக்கொ". 'அடுமனை' என்று எழுதிவிட்டு பேக்கரி என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1976-ல் பேச்சை ஒட்டிய நடையையே பள்ளிக்கும் அரசுக்கும் உரியதாக்கினார்கள், பழைய இலக்கிய நடை பலகைகளிலும் கோவிலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய கட்டடங்களின் கதவில் தள்ளு, இழு என்பதுகூட அந்த நடையில்தான். நீங்கள் வாயில் இருக்கும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நாக்குக்கு உள்ள வசதி

பாடப் புத்தகங்கள் ஆங்கிலம் பேசுபவருக்காக எழுதப்பட்டவை, அதனால் நமக்குச் சுலபமானதையெல்லாம் கஷ்டம் என்று பயமுறுத்தும். 'அது' என்று சொல்லிப் பாருங்கள். அந்த 'து'வில் இருக்கும் மென்மையான ஒலிதான் கிரேக்க 'தெல்தா'. 'பகல்' என்பதில் வரும் 'க' அவர்களுடைய 'காமா'வுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இன்னொன்று: நாம் 'பந்து' என்று எழுதும்போது மெல்லினத்துக்குப் பின்னால் 'த' தானாக மெலிகிறதே, அதே விதி அங்கே அச்சு அசலாக இருக்கிறது. ஐந்து என்பது "பேந்தெ", திராட்சைக் கொடி "அம்பேலி". நம்மவர்கள் தமிழில் படிப்பது போலப் படித்தாலே சரியாக வரும்.

பேச்சில் 'நான்', 'நீ' என்று சொல்லவே வேண்டாம். 'வருகிறேன்' என்பது போல வினையின் கடைசியிலேயே ஆள் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கும் அறிமுகம் இல்லாதவர்களுக்கும் பன்மை, நமது 'நீங்கள்' மாதிரியேதான். கீழ்வீட்டுப் பாட்டியை, இங்கே பாட்டி என்றால் "யயா", ஒரு வருடம் பன்மையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே "ஒருமையில் பேசு" என்றார். அதுவரை காத்திருப்பது நல்லது. ஆண் பெயரைக் கூப்பிடும்போது கடைசி 'ஸ்' விழுந்துவிடும்: யோர்கொஸ் வந்தால் "யோர்கொ!", யானிஸ் வந்தால் "யானி!". ராமன் 'ராமா' ஆவதுபோல. பள்ளிக்கூடத்தில் விளி வேற்றுமை என்று எட்டாவதாக மனப்பாடம் செய்தது இத்தனை வருடம் கழித்து வேலைக்கு வந்தது.

கஷ்டம் எங்கே? 'தேங்க் யூ' என்பதில் ஆங்கிலேயர் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலி நம்மிடம் இல்லை, அதைக் கண்ணாடி முன்னால் பழக வேண்டும். அப்புறம் அழுத்தம். "போத்தெ" என்றால் எப்போது, "பொத்தே" என்றால் ஒருபோதும் இல்லை. குழாய் ரிப்பேர்காரரிடம் தொலைபேசியில் "எப்போது வருவீர்கள்" என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, "வரவே மாட்டீர்கள், அப்படித்தானே" என்கிற தொனியில் பேசிவிட்டேன். மறுமுனையில் நீண்ட மௌனம்.

காதுக்கு: பழைய இரும்புக்காரர்

வகுப்பில் போடும் ஒலிப்பதிவுகளைவிட எனக்கு அதிகம் கற்றுத்தந்தவர் தெருவில் சின்ன லாரியில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பழைய சாமான்காரர். நம் ஊரில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கேட்டு வளர்ந்த காது இது. அவர் "ஓ பல்யத்ஸீஸ்!" என்று இழுத்துத் தொடங்குவார், "பல்யா ஸீதெர மஸேவொ", அதாவது பழைய இரும்பு எடுக்கிறேன், அப்புறம் வரிசையாக "ப்ஸியீய, ப்லிந்தீரிய, தெர்மொஸீஃபொனெஸ்", ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் கொதிகலன். முதல் வாரம் ஒரே இரைச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம் 'இரும்பு' காதில் விழுந்தது. இரண்டு மாதத்தில் முழுப் பட்டியலும் மனப்பாடம், ஆறேழு பன்மை வடிவங்கள் இலவசம். தினமும் ஒரே குரல் ஒரே வாக்கியத்தைச் சொல்வது போன்ற பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

பஸ்ஸிலும் அப்படியே. அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும்போது "எப்போமெனி ஸ்தாஸி" என்று வரும், ஏதென்ஸ் மெட்ரோவில் "எப்போமெனொஸ் ஸ்தத்மோஸ்" என்று வரும். நிறுத்தம் பெண்பால், நிலையம் ஆண்பால், அதனால் 'அடுத்த' என்ற சொல்லும் மாறுகிறது. இதை அட்டவணையில் படித்தால் கொட்டாவி வரும்.

சந்தையும் ரொட்டிக் கடையும்

ஒவ்வொரு பேட்டைக்கும் வாரம் ஒருநாள் தெருச்சந்தை உண்டு, "லயிக்கீ" என்பார்கள். காலைக் கூட்டத்தில் போகாதீர்கள், யாருக்கும் பேச நேரம் இருக்காது. மதியம் கடை கட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனால் விலையும் இறங்கியிருக்கும், வியாபாரியும் பேசும் மனநிலையில் இருப்பார். முதல் நாள் மூன்றே வாக்கியம் போதும். "போஸொ கானி;" எவ்வளவு. "மிஸோ கிலோ", அரைக் கிலோ. "எனாமிஸி", ஒன்றரை. இந்தக் கடைசிச் சொல்லைச் சரியாகச் சொன்னால் வியாபாரி நிமிர்ந்து பார்ப்பார், ஏனென்றால் சுற்றுலாவுக்கு வருபவர் யாரும் ஒன்றரைக் கிலோ தக்காளி வாங்குவதில்லை.

கீரைக் கடையில் ஒருநாள் தண்டுக்கீரை மாதிரி ஒரு கட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். "தி ஈனெ அஃப்தோ;" இது என்ன என்று கேட்டேன். "வ்லீத்த" என்றார். பக்கத்தில் பருப்புக்கீரையும் இருந்தது, அதற்கு "க்லிஸ்த்ரீத". எப்படிச் சமைப்பது என்று நான் கேட்கவில்லை, அவராகவே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "தொ வ்ராஸிஸ், லதாக்கி, லெமொனாக்கி, தெலீயொஸெ!" வேகவை, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சை, முடிந்தது. இந்த ஒரு வரியை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். 'ஆக்கி' என்ற வால் சின்னது என்று பொருள் தரும், ஆனால் அளவு அங்கே முக்கியமில்லை, ஒரு செல்லம், ஒரு பணிவு. தண்ணீர் கேட்கும்போது "நெராக்கி", காப்பிக்கு "கஃபெதாக்கி", கொஞ்சம் பொறுங்கள் என்பதற்கு "ஏன லெப்தாக்கி". (அந்தக் கீரையின் பெயரால் ஒருவரைத் திட்டினால் மண்டு என்று அர்த்தம். கடையில் சிரித்துவிடாதீர்கள்.)

ஆங்கிலத்துக்குத் தாவுபவர்களை நிறுத்த எனக்கு உதவிய இரண்டு வரி: "மத்தேனொ எலினிக்கா", கிரேக்கம் கற்கிறேன், "ப்யொ அர்கா, பரக்கலோ", கொஞ்சம் மெதுவாக. முதல் வரியைச் சிரித்துக்கொண்டு சொன்னால் பத்தில் எட்டுப் பேர் உடனே ஆசிரியராகிவிடுகிறார்கள். மீதி இருவருக்கு அவசரம், விட்டுவிடுங்கள். அதோடு "போஸ் தொ லேனெ;", இதை என்னவென்று சொல்வார்கள் என்று விரலால் காட்டிக் கேட்கப் பழகுங்கள், அகராதி மிச்சம்.

காப்பிக் கடையில் கிரேக்கக் காப்பி கேட்டால் சர்க்கரையைச் சேர்த்தே சொல்ல வேண்டும், பிறகு கலக்க முடியாது: "ஸ்கேத்தொ" இனிப்பில்லை, "மேத்ரியொ" நடுத்தரம், "க்லிக்கோ" இனிப்பு. பலகையில் "கஃபேஸ்" என்றிருக்கும், கேட்கும்போது "ஏனன் கஃபே". 'ஐ' உருபு சேர்வதற்குப் பதில் அங்கே 'ஸ்' கழன்றுகொள்கிறது, இரண்டாம் வேற்றுமை முடிந்தது. குளிர்ந்த ஃப்ராப்பே கிடைத்தால் அது இந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்து குடியுங்கள், 1957-ல் தெசலோனிக்கி பொருட்காட்சியில்தான் பிறந்தது. ஏதென்ஸில் அச்சான புத்தகத்தில் படித்துவிட்டு இங்கே ஒரு கடையில் குச்சியில் குத்திய இறைச்சி வேண்டும் என்று "கலமாக்கி" கேட்டேன், உறிஞ்சு குழாய் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தலைநகரில் அது இறைச்சி, இங்கே ஸ்ட்ரா.

சைவம் சாப்பிடுபவர்கள் முதல் நாளே கற்க வேண்டிய சொல் "நிஸ்தீஸிமொ", நோன்புச் சாப்பாடு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் ரொட்டிக் கடை முழுக்க அந்தச் சீட்டு ஒட்டியிருக்கும். ஒரே எச்சரிக்கை, இறாலும் கணவாயும் நோன்புக்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணெயில் வேகவைத்த காய்கறிக்கு "லதெரா" என்று கேளுங்கள், வெண்டைக்காய் ("பாமியெஸ்") தக்காளியோடு வரும், நம் வீட்டுக் குழம்புக்குத் தூரத்து உறவு.

வாழ்த்துகள்

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான். வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். கிரேக்கர்கள் எதற்கும் ஒரு வாழ்த்து வைத்திருக்கிறார்கள், அதைச் சரியான நேரத்தில் சொன்னால் உங்கள் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை காலையில் "கலீ எவ்தொமாத", நல்ல வாரம். மாதம் முதல் தேதி "கலோ மீன", லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கூடச் சொல்வார். ஆகஸ்ட் கடைசியில், சட்டை முதுகில் ஒட்டுகிற வெயிலில், "கலோ ஹிமோன" என்பார்கள், நல்ல குளிர்காலம் அமையட்டும் என்று. கேலி செய்கிறார்களோ என்று முதல் வருடம் நினைத்தேன். விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பும் நேரம் அது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில் "எப்பீஸிஸ்", உங்களுக்கும்.

புதுச் சட்டை, புது முடிவெட்டு என்றால் "மெ யா", ஆரோக்கியமாக அனுபவி. உடம்பு சரியில்லை என்றால் "பெரஸ்திக்கா", சீக்கிரம் கடந்துபோகட்டும். மருந்துக்கடையில் சில்லறை கொடுக்கும்போது இதையும் சேர்த்தே கொடுப்பார்கள். கர்ப்பிணியிடம் "கலீ லெஃப்தெர்யா", நல்ல விடுதலை. துக்க வீட்டில் "ஸொயீ ஸெ ஸஸ்", இருக்கும் உங்களுக்கு ஆயுள். இந்தக் கடைசியை அவசியம் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒருவர் இறந்தபோது மாடிப்படியில் அவர் மனைவியைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு போனேன், அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பிறந்தநாளைவிடப் பெயர்நாள் முக்கியம், குறிப்பாகப் பெரியவர்களுக்கு. ஒரு புனிதரின் நாள் வந்தால் அந்தப் பெயர் உள்ள எல்லோருக்கும் அன்று கொண்டாட்டம். அக்டோபர் 26 திமீத்ரிஸ், இந்த ஊரின் காவல் புனிதர், அதனால் ஊருக்கே விடுமுறை. மே 21 கொன்ஸ்தந்தீனொஸ், எலேனி. ஆகஸ்ட் 15 மரீய. டிசம்பர் 6 நிக்கோலஸ். "ஹ்ரோன்ய பொலா", நீண்ட ஆயுள் என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவர்தான் நமக்கு இனிப்பு வாங்கித் தர வேண்டும், நாம் அல்ல. தெரிந்தவர்களின் பெயர்நாளைத் தொலைபேசியில் குறித்து வைத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரு நிமிடம் பேசுங்கள். தொலைபேசியில் பேசுவதுதான் கடினமான பயிற்சி, வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவரிடம் யாரும் எரிந்து விழுவதில்லை.

ஈஸ்டர் நள்ளிரவில் "ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி" என்று சொன்னால் "அலித்தோஸ் அனேஸ்தி" என்று பதில் வரும். கிறிஸ்து எழுந்தார், உண்மையாகவே எழுந்தார். சிவப்பு முட்டையை ஒருவர் முட்டையோடு ஒருவர் மோதி உடைப்பார்கள். மதம் எதுவானாலும் போய் நில்லுங்கள், கையில் ஒரு முட்டையைத் திணித்துவிடுவார்கள்.

தலையும் கடிகாரமும்

ஆம் என்பது "நே", இல்லை என்பது "ஓஹி". வட இந்தியாவில் இருந்துவிட்டு வருபவருக்கு 'நே' இல்லை என்றே கேட்கும், பழக ஒரு மாதம் ஆகும். பலர் வாயைத் திறக்காமல் தலையை மேலே தூக்கி 'ச்' கொட்டினாலே இல்லை என்று அர்த்தம். நம் ஊரிலும் 'ச்' கொட்டி இல்லை என்பவர்கள் உண்டே, அதனால் எனக்குப் புரிந்துவிட்டது. நம் பக்கவாட்டுத் தலையாட்டல்தான் அவர்களுக்குப் புரியாது, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

"ஏல" என்றால் வா. தொலைபேசியை எடுத்தாலும் "ஏல", நம்ப முடியாததைக் கேட்டாலும் "ஏல!". திருநெல்வேலிக்காரனுக்கு இதைக் கேட்டதும் யாரோ ஊரிலிருந்து கூப்பிடுவது போலத்தான் இருக்கும். "ரெ" என்பது நமது 'டா', நண்பர்களோடு மட்டும்.

"மெஸிமேரி" என்பதை மதியம் என்று புத்தகம் சொல்லும். இங்கே அது நாலரை, ஐந்து மணி வரை நீளும். பிற்பகல் வருகிறேன் என்று ரிப்பேர்காரர் "அப்போயெவ்ம" சொன்னதை நம்பி இரண்டு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆறுக்கு வந்தார், அவர் கணக்கில் தாமதமே இல்லை. கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரை சட்டப்படியே அமைதி நேரம், யார் வீட்டுக்கும் தொலைபேசியில் கூப்பிடாதீர்கள், பயிற்சிக்குக்கூட.

இலக்கணம், அலுவலகம், பரீட்சை

ஆறு மாதம் இப்படி ஓடியபின் இலக்கணப் புத்தகத்தைத் திறங்கள், ஏற்கனவே தெரிந்தவர்களைப் பார்ப்பது போல இருக்கும். பெயர்ச்சொல்லை அதன் முன்னால் வரும், பால் காட்டும் சிறு சொல்லோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள், ஏன் நாற்காலி பெண்பால் என்று கேட்காதீர்கள். சிறுமியும் சிறுவனும் அங்கே அஃறிணை மாதிரி நடுப்பால். 'குழந்தை வந்தது' என்று நாம் சொல்வதில்லையா. ஒருமுறை செய்வதற்கும் வழக்கமாகச் செய்வதற்கும் வினையின் அடியே மாறுவதுதான் உண்மையான மலை ("க்ராஃபொ", "க்ராப்ஸொ"). அதற்கு ஆசிரியர் வேண்டும். பல்கலைக்கழகத்தின் மொழிப் பள்ளி இங்கே இருக்கிறது, தன்னார்வலர்கள் புலம்பெயர்ந்தவர்களுக்கு இலவசமாக நடத்தும் வகுப்புகளும் சில ஊர்களில் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

அரசு வேலைகளுக்கு "கெப்" என்னும் மக்கள் சேவை மையம் போவீர்கள். "ஏத்திஸி" விண்ணப்பம், "இப்பொக்ரஃபீ" கையெழுத்து, "ஸ்ஃப்ரயீத" முத்திரை. ஒரு முறை ஓர் அலுவலகத்தில் மூன்று சன்னலுக்கு அலைய விட்டார்கள், அன்று 'நகல்' என்பதற்கான "அந்தீக்ரஃபொ" ஆயுளுக்கும் மறக்காதபடி பதிந்துவிட்டது.

சான்றிதழ் வேண்டுமென்றால் தெசலோனிக்கியில் உள்ள கிரேக்க மொழி மையம் நடத்தும் தேர்வு இருக்கிறது, தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை நிலைகள், மே மாதம் நடக்கும். பேச்சுத் தேர்வுக்கு இன்னொருவரோடு ஜோடியாக உட்கார வைப்பார்கள். நான் பி1 எழுதியபோது எங்களுக்கு வந்த தலைப்பு சந்தையில் காய் வாங்குவது. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ஒரு கிலோ தக்காளி கேட்டார், நான் யோசிக்காமல் "ஒன்றரையாக எடுத்துக்கொள்ளுங்களேன், கடை கட்டப் போகிறேன்" என்றேன். தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.